அத்தை மகளின் மூச்சு

போன மாதம் கொள்ளுப்பேத்தியின் பல் வைத்தியத்துக்குத் துணையாக ஜொகூர் பாருவில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். நம் வயதுக்காரர்களுக்கு இப்போது மிச்சமிருக்கும் உத்தியோகமே யாருக்காவது துணையாகப் போய் உட்கார்ந்திருப்பதுதானே. பல் டாக்டர் சின்னப் பையன். குழந்தையின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். மூக்கு அடைத்திருப்பதால் வாயால் மூச்சு விடுகிறாள், நாக்கு மேலண்ணத்தில் பொருந்தாமல் கீழேயே கிடக்கிறது, அதனால் மேல்தாடை அகலமாக வளரவில்லை, இப்படியே விட்டால் முகம் நீண்டு பல் முன்னால் வந்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னான்.

“இன்னும் எலும்பு வளர்ற வயசுதான் தாத்தா. மொதல்ல மூக்கு டாக்டருகிட்டக் காட்டுங்க. லேட் மட்டும் பண்ணிடாதீங்க” என்றான்.

நான் தலையாட்டினேன். அவன் சொன்னதில் ஒன்றுகூட எனக்குப் புதிதில்லை. இதையெல்லாம் பன்னிரண்டு வயதிலேயே எனக்கு ஒருவர் சொல்லியிருக்கிறார். சொன்னவரிடமும் நான் இப்படித்தான் தலையாட்டினேன்.

என்னோடு வேலை பார்த்தவர்கள், ஒன்றாகப் படித்தவர்கள், கோயில் கமிட்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்னை நேர்மையானவன் என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூவாரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கித்தாத் தோட்டம் என்போம், அப்பா ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அம்மா என் நான்காம் வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதே காய்ச்சல் அந்த வருஷமே அப்பாவின் தங்கை புருஷனையும் கொண்டுபோனது. அத்தை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு ஊட்டியதும், தலைக்கு எண்ணெய் வைத்ததும், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய விழித்திருந்ததும் அத்தைதான். அந்தக் கைக்குழந்தைதான் அத்தை மகள். என்னைவிட மூன்று வயது சின்னவள். முறைப்பெண். நாங்கள் இரண்டு பேரும் ஓடியாடித் திரிந்த காலத்திலேயே எங்களுக்குக் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். யாரும் உட்கார்ந்து முடிவெடுத்ததாக நினைவில்லை. மழை பெய்யும் என்பதுபோல அதுவும் நடக்கும் என்று இருந்தது.

அத்தை மகளின் வாய் எப்போதும் திறந்தே இருக்கும். நான் அவளை நினைக்கும்போது முதலில் கேட்பது அவளுடைய மூச்சுச் சத்தம்தான். பக்கத்து அறையில் இருந்தாலும் தெரியும். உதடு காய்ந்து வெடித்திருக்கும். அத்தை தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே இருப்பாள். பேசினால் சளி பிடித்தவள் பேசுவதுபோல் இருக்கும், வருஷம் முழுக்க. மீன் குழம்பு தீய்ந்தாலும் அவளுக்கு வாசனை தெரியாது. சாப்பாடுதான் பெரிய பாடு. வாயை மூடி மென்றால் மூச்சு முட்டும், மூச்சு விட வாயைத் திறந்தால் சத்தம் வரும். மெல்லுவதா, மூச்சு விடுவதா என்று ஒவ்வொரு கவளத்துக்கும் அவள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. மாடு அசை போடுகிற மாதிரி சாப்பிடாதே என்று அப்பா ஒருநாள் அதட்டினார். அதன் பிறகு எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் பின்கட்டில் விறகு அடுக்கியிருந்த இடத்தில் போய்த் தனியாகச் சாப்பிடுவாள்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசியில் உட்கார வைத்திருந்தார்கள். மந்தபுத்தி என்று வாத்தியார் அப்பாவிடம் சொன்னார், அப்பாவும் ஒத்துக்கொண்டார். இரவில் மூச்சு முட்டி முட்டி எழுந்து உட்காரும் குழந்தை பகலில் தூங்கி வழியாமல் என்ன செய்யும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடிக்கடி காதும் அடைத்துக்கொள்ளும். கேட்காததால் பதில் சொல்லாமல் நிற்பாள். வாய் திறந்தபடி பதில் சொல்லாமல் நிற்கிற பெண்ணை உலகம் என்னவென்று நினைக்குமோ அப்படியே நினைத்தது. அப்பா வீட்டில் இல்லாதபோது அவள் அப்பாவின் நடையை, துரை தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைப்பதை, வேலையாட்களை மேய்க்கும் தண்டல் பீடி பற்றவைப்பதை அப்படியே செய்து காட்டுவாள். ஒரு வார்த்தை பேசாமல், கையையும் தோளையும் வைத்தே. அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து உட்கார்ந்துவிடுவாள். மந்தபுத்திக்காரி செய்கிற வேலையா அது?

கூலிகள் குடியிருந்த லயத்துப் பையன்களுக்கு என்னைச் சீண்ட வேறு எதுவும் தேவைப்படவில்லை. கிராணி மகன் என்று நேரில் என்னைத் தொட முடியாது. இதை வைத்துத் தொடுவார்கள்.

“டேய், தாலி கட்டுறப்ப அவ வாயில ஈ பூந்துராமப் பாத்துக்கடா.”

“ஈயா? வௌவாலே பூந்துரும்.”

நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு பருவத்தைப் பற்றி. கித்தா மரங்கள் இலை உதிர்க்கும் மாதம். மற்ற மாதங்களில் பகலிலும் இருட்டிக் கிடக்கும் தோட்டம் அந்தச் சில வாரங்களில் மொட்டையாகி வெளிச்சமாகிவிடும். நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும். அடுத்த வருஷம் மூவாரில் ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதற்காக அப்பா எனக்குத் தினமும் சாயங்காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு அதில் அப்பாவைவிடப் பெருமை.

அந்த மாதம் அத்தை மகளுக்குக் காதில் சீழ் வைத்தது. அத்தைக்கு வேலை இருந்ததால் நான்தான் அவளைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே வைத்தியம் பார்த்த டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு கறை இருக்காது. காதைத் துடைத்துவிட்டு, ஏதோ சந்தேகம் வந்தவர்போல் அவள் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தட்டையான கரண்டியால் அழுத்தி, பிடிவைத்த சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, இஞ்ச வா. வீட்டில இவளை என்னண்டு சொல்லுகினம்? கெட்ட பழக்கம் எண்டா?”

நான் ஆமாம் என்றேன்.

“பழக்கமும் இல்லை, சோம்பலும் இல்லை. மூக்குக்குப் பின்னால சதை வளந்து மூச்சுப் போற வழியை அடைச்சுப்போட்டுது. வாய் எந்நேரமும் திறந்து கிடந்தா அண்ணம் ஒடுங்கும், பல்லு முன்னுக்கு வரும், முகம் நீண்டுபோகும். இப்ப வெட்டி எடுத்தா முகம் தன்ர பாட்டுக்கு வடிவா வளரும். ரெண்டு மூண்டு வருசம் விட்டால், பிறகு ஆராலயும் ஏலாது.”

வியாழக்கிழமை மூவார்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிக்கொண்டு லாரி போகிறது, இவளையும் அனுப்பலாம், சின்னக் காரியம், இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்றார். அப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதி மடித்து என்னிடம் கொடுத்தார். கத்தி என்றாலே ஓடிப்போகும் ஆட்களைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்; லாரி கிளம்பும்போது வராவிட்டால் வீட்டில் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வேன், மறுபடி கேட்கமாட்டேன் என்றும் சொன்னார். பிறகு கையைக் கழுவியபடி சிரித்தார்.

“உன்ர மச்சாள்தானே? வடிவா வந்தாப் பிறகு நீதான் எனக்கு நன்றி சொல்லுவாய்.”

அவர் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று நான் பல வருஷம் அவர்மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். அது அவர்மேல் நிற்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அவளை முன்னால் போகவிட்டு, சீட்டைப் பிரித்துப் படித்தேன். பாதி வார்த்தை புரியவில்லை, விஷயம் புரிந்தது. அப்போது எனக்குள் ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இவள் முகம் சரியானால் இவளை எனக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். சரியாகாமல் இன்னும் மோசமானால் அப்பாவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை, யாருடைய மனதையும் நோகடிக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இவ்வளவு கணக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தது.

பால் எடுத்துப்போன பிறகும் மரங்களில் கொஞ்சம் சொட்டிக்கொண்டிருக்கும். ஒரு மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த மங்கில் தேங்கியிருந்த அந்தப் பாலுக்குள் சீட்டை அமுக்கினேன். எழுத்து மறைந்து, தாளும் மறைந்தது.

அத்தை கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். டிரெஸ்ஸர் என்னப்பா சொன்னார் என்று கேட்டாள்.

“காதுக்கு மருந்து ஊத்துனாரு. மூக்குல ஒண்ணும் இல்லையாம் அத்தை. கெட்ட பழக்கமாம். வாயக் கட்டிப் பழக்குனா சரியாப் போயிருமாம்.”

வாயைக் கட்டச் சொன்னதாக ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை. பொய்க்கு ஒரு வைத்தியமும் இருந்தால் உண்மைபோல் இருக்கும் என்று தோன்றியிருக்கலாம்.

“இல்லம்மா” என்றாள் அத்தை மகள், அந்த அடைத்த குரலில். “வெட்டணும்னாரு. லாரியில போகணும்னாரு.”

அத்தை மீன் கையோடு அவள் வாயில் ஒரு தட்டுத் தட்டினாள். “காது கேக்காத கழுத, நீ கண்டியா? இங்கிலீசு படிக்கிற புள்ள பொய் சொல்லுமா?”

அவள் உதட்டில் ஒட்டிய செதிலைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மன் திருவிழாவுக்கு அப்போது பத்து நாள் இருந்தது. எங்கள் தோட்டத்தில் பால்குடம் எடுக்கிறவர்கள் எச்சில் மூச்சு பாலில் படக்கூடாது, வழியில் யாரோடும் பேசக்கூடாது என்று வாயை மஞ்சள் துணியால் கட்டிக்கொள்வார்கள். வாய்க்கட்டு என்று பெயர். அத்தை நான் சொன்னதையும் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டாள். டிரெஸ்ஸரும் கட்டச் சொல்கிறார், அம்மனும் கட்டச் சொல்கிறாள். மகள் வாய்க்கட்டோடு பால்குடம் எடுத்தால் அந்த வாய் தானாக மூடிக்கொள்ளும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தினமும் சாயங்காலம் பழக்கினார்கள். துணியைக் கட்டி, அடுப்பில் அரிசி வேகும் வரை உட்கார வைப்பாள் அத்தை. காவல் நான். அத்தை மகள் நாக்கால் துணியைத் தள்ளி ஓரத்தில் ஒரு சந்து உண்டாக்கி அதன் வழியாக மூச்சு விடக் கற்றுக்கொண்டாள். நான் அதைக் கண்டுபிடித்து அத்தையிடம் சொன்னேன். மறுநாள் துணியை இரண்டாக மடித்துக் கட்டினாள்.

வியாழக்கிழமை காலை லாரி எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. முன்னால் உட்கார்ந்திருந்த டிரெஸ்ஸர் வாசலைப் பார்த்தார். நான் அங்கே நின்றிருந்தேன். வண்டி வேகத்தைக் குறைத்ததுபோல் இருந்தது. நான் வீட்டுக்குள் போய்விட்டேன். திருவிழா முடிந்த அடுத்த மாதம் அவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார்.

திருவிழா அன்று ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை ஏறக்குறைய ஒரு மைல். மரங்களில் இலை இல்லாததால் வெயில் நேராகத் தலையில் இறங்கியது. அத்தையும் ஒரு குடம் எடுத்தாள். அவள் தலையில் குடம் ஏற்றி, அவளுக்கு வாய்க்கட்டுக் கட்டப்போகும்போதுதான் மகளுக்கு வாய் கட்டவில்லை என்று தெரிந்தது.

“நீ கட்டுப்பா. நீ கட்டுனாத்தான் அவுறாது.”

நான் கட்டினேன். துணியை இரண்டாக மடித்து, மூக்கின் நுனி வரை ஏற்றி, பின்னால் இரண்டு முடிச்சு. அது அவிழாமல் இருக்கப் பின்னலுக்கு அடியில் சொருகினேன். பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்காவது அந்த வாய் எல்லார் எதிரிலும் மூடியிருக்கட்டும் என்று நினைத்தேன்.

தப்பும் உறுமியும் முன்னால் போயின. அத்தை முதல் வரிசையில். நான் வேப்பிலைக் கொத்தோடு அத்தை மகளின் பக்கத்தில் நடந்தேன். பாதி வழி வரை ஒன்றும் இல்லை. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. கொதிக்கும் பானையின் மூடி இடுக்கில் ஆவி போகிற மாதிரி மெல்லிய சத்தம். துணி வாய்க்குள் இழுபடுவதும் தளர்வதுமாக இருந்தது. இரண்டு கையும் தலைமேல் குடத்தைப் பிடித்திருந்தன. அந்த நகங்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. அவள் என்னைப் பார்த்தாள். குடத்தைக் கீழே போட்டால் சாமிக்குத்தம் என்று ஒன்பது வயதுக் குழந்தைக்குச் சொல்லி வைத்திருந்தோம். அதனால் கையை எடுக்காமல் கண்ணால் மட்டும் கேட்டாள். என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் முடிச்சு இருந்தது.

நான் தப்படிக்கிறவரின் விரல்களைப் பார்க்க ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. சருகில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பியபோது அவள் கீழே கிடந்தாள். பால் சருகுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மரங்களைக் கீறிப் பால் எடுக்கும் ஒரு பெண்தான் ஓடிவந்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவிழ்த்துக்கொண்டே கேட்டாள், “யாருடி இத இப்படிக் கட்டுனது? சாமிக்குக் கட்டுனீங்களா, கொல்றதுக்குக் கட்டுனீங்களா?”

அத்தை மகளுக்கு மூச்சு திரும்பியது. அவள் இருமி எழுந்து உட்கார்ந்ததும் அப்பா வந்து எல்லார் எதிரிலும் அவள் கன்னத்தில் அறைந்தார். ஒரு குடத்தைப் பிடிக்கத் துப்பில்லை என்றார். அம்மன் இந்தக் குடத்தை ஏற்கவில்லை என்று பூசாரி சொல்லிவிட்டு ஊர்வலத்தை நடத்திக்கொண்டு போனார். அத்தை தன் குடத்தை இறக்க முடியாமல், திரும்பிப் பார்க்கவும் முடியாமல், அழுதுகொண்டே நடந்தாள்.

அதோடு முடிந்தது. பிறகு வந்த டிரெஸ்ஸர்கள் இரண்டு பேர் அத்தை மகளைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொல்லியனுப்பினார்கள். அத்தை போகவில்லை. அம்மனே வேண்டாம் என்று சொன்ன பிறகு மனுஷன் என்ன செய்துவிடுவான் என்றாள்.

நான் மூவாருக்குப் படிக்கப் போனேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் வரும்போது அவள் முகம் டிரெஸ்ஸர் சொன்னபடியே கொஞ்சம் மாறியிருக்கும். அவர் ஒரு படத்தை எனக்கு முன்கூட்டியே காட்டிவிட்டதுபோலவும், அது சரியாக வரையப்படுகிறதா என்று நான் வந்து வந்து பார்ப்பதுபோலவும் இருந்தது. கன்னம் தட்டையானது. முகம் கீழ்நோக்கி நீண்டது. மேல்பற்கள் நெருக்கியடித்து முன்னால் வந்தன. முகவாய் பின்னால் ஒதுங்கியது. கண்ணுக்குக் கீழே எப்போதும் ஒரு நிழல்.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மூக்கு திறந்துகொண்டது. அந்தச் சதை வயது ஏற ஏறத் தானாகச் சுருங்கிவிடுமாம். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. ஒருநாள் காலையில் அவள் அடுப்படிக்கு ஓடிவந்து, மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் மூட்டை இவ்வளவு நாறுமா, இவ்வளவு நாளும் எல்லாரும் இதையா சகித்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டுச் சிரித்தாள். குரல் தெளிவாக இருந்தது. நல்ல குரல். மூச்சு மூக்கு வழியாகத்தான் போய் வந்தது. சதை போய்விட்டது, அது செய்துவைத்த முகம் மட்டும் நின்றுவிட்டது. உதடுகள் சும்மா இருந்தால் சேராது. சேர்க்க வேண்டுமென்றால் முகவாய் சுருங்கி மேடுதட்டும் அளவுக்கு அவள் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

எனக்கு ஜொகூர் பாருவில் வேலை கிடைத்ததும் அத்தை கேட்டாள். அப்பாவிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டாள்.

“மொகத்தப் பாக்காத தம்பி. நான் ஒன் மொகத்தப் பாத்தா வளத்தேன்?”

இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்றேன். அப்பா அன்று ராத்திரி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பன்னிரண்டு வயதில் நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது.

அதன் பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களை இந்தியாவில் அவரவர் ஊருக்குக் கப்பலேற்றினார்கள். அப்பாவுக்கும் வேலை போனது. அத்தையையும் மகளையும் ஊரில் ஒரு பங்காளி வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவானது. அவர்களைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய்க் கப்பலேற்றியவன் நான். அதற்குப் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை. இரண்டு கடிதம் வந்தது, நான் ஒன்றுக்குப் பதில் போட்டேன்.

துறைமுகத்தில் கூட்டம் நெரிந்தது. அத்தை தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த மண்ணில் புருஷனையும் புதைத்துவிட்டு, மகளையும் கரையேற்றாமல் போகிறேன் என்றாள். பிறகு சொன்னாள்.

“யாரச் சொல்லியும் குத்தமில்ல தம்பி. எல்லாம் அன்னிக்கு இவ அந்தப் பாலக் கொட்டுன பாவம். இன்னும் நூறு எட்டுப் பொறுத்துக்கிட்டு நடந்திருந்தான்னா இவ வாழ்க்க வேறயா இருந்திருக்கும்.”

அத்தை மகள் எங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளுக்கு அப்போது காது நன்றாகக் கேட்கும். உதடுகளைச் சிரமப்பட்டு மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. கேட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் போதும். அது பொய் அத்தை, டிரெஸ்ஸர் வெட்டச் சொன்னார், நான்தான் மறைத்தேன். அதைச் சொன்னால் அவள் முகம் திரும்பாது. ஆனால் செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு அவள் கப்பலேற வேண்டியிருக்காது.

“வெயில்ல நிக்காதீங்க அத்த. உள்ள போயி நல்ல எடமாப் புடிச்சுக்கங்க” என்றேன்.

அத்தை மகள் உதடுகளை விட்டாள். குனிந்து மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“வாம்மா, போவோம். அவன் சொல்ல மாட்டான்.”

“என்னத்தடி சொல்ல மாட்டான்?” என்று கேட்டாள் அத்தை.

அவள் கப்பல் ஏணியை நோக்கி நடந்தாள். அத்தை எழுந்து இரண்டு அடி வைத்துவிட்டு நின்றாள். அதே கேள்வியை முகத்தில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் போய்ட்டு வாங்க என்று கையை அசைத்தேன்.